ஊவா மலைகளில் ஓட்டப் பயிற்சி

மலைநாட்டுப் பிள்ளைகள் பிறவியிலேயே நன்றாக ஓடக்கூடியவர்கள் என்பது சமவெளியில் வாழ்வோர் பலரிடம் ஊறிப்போன ஓர் எண்ணமாகும். கென்யா, எத்தியோப்பியா முதலிய நாடுகளின் உயர்ந்த மேட்டுநிலங்களிலிருந்து உலகப் புகழ்பெற்ற நெடுந்தூர ஓட்ட வீரர்கள் தோன்றியிருப்பதைக் கண்டு, மலை இருக்கும் இடமெல்லாம் ஓட்டக்காரர் விளைவர் என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உண்மையாயின், பதுளையும் பண்டாரவளையும் அப்புத்தளையும் இலங்கையின் ஓட்ட வீரர்களுக்கு நாற்றங்காலாக இருத்தல் வேண்டும். தோட்டப்புறங்களிலிருந்து அங்கொருவரும் இங்கொருவருமாகச் சிலர் தேசியப் போட்டிகள் வரை வந்திருக்கிறார்கள். அவர்கள் மலையின் உதவியால் வந்தார்களா, மலையையும் மீறி வந்தார்களா என்பதுதான் ஆராயத்தக்கது.

முதலிலே உயரத்தைப் பார்ப்போம். கென்யாவின் ஓட்டக்காரர்கள் கூடிப் பயிற்சி பெறும் இட்டென் என்னும் ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அத்தகைய உயரத்திலே காற்றின் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. உடல் அக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. பதுளை நகரமோ ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்கும். பண்டாரவளை 1,200 மீற்றரை ஒட்டியும், அப்புத்தளை 1,400 மீற்றரை ஒட்டியும் நிற்கின்றன. பதுளைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் நமுனுகுலையின் உச்சி கூட 2,000 மீற்றரைச் சற்றே தாண்டுகிறது. உச்சியிலே யாரும் குடியிருப்பதில்லை. எனவே, ஊவாவின் உயரம் ஓடுபவனுடைய இரத்தத்துக்குச் செய்யும் உதவி மிகச் சொற்பம். அது அவனுக்குக் கொடுப்பது சரிவு ஒன்றைத்தான்.

சரிவிலே ஓடுவது எத்தகையது என்பதை ஓடிப் பார்த்தவர்களே அறிவர். சமதரையில் ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு, அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஏறக்குறைய அறுபது கலோரிச் சக்தியைச் செலவிடுகிறார். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அதே தூரத்தை ஓடினால் செலவு ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். அதே சரிவில் இறங்கும்போது செலவு குறைகிறது, மூச்சும் எளிதாகிறது. ஆனால் மூச்சு மிச்சப்படுத்தியதைத் தொடைத் தசைகள் வட்டியோடு கொடுத்துவிடுகின்றன. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்வதிலும் நீண்டு வேலை செய்வதே தசைநார்களை அதிகமாகச் சிதைக்கிறது. அதனாலேயே மலையில் புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்க முடியாமற் போகிறது. கொழுந்துக் கூடையோடு ஆண்டுக் கணக்காக மலை ஏறி இறங்கிய தாய்மாருக்கு இவ்வலி தெரியாது. தசை பழகிப்போய்விட்டது. நகரத்திலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் முதல் நாளே வீறாப்பாக ஓடிவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வதை லயத்து மக்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

சரிவு இத்தகைய தொல்லையைத் தருவதனால், மலையில் ஓடுபவர் இயல்பாகவே மட்டமான பாதையைத் தேடுகிறார். அந்தத் தேட்டத்தில் அவருக்குத் துணை வருவது மலைநாட்டுப் பாதைகளின் பழைய வரலாறு. கோப்பிக் காலத்திலே, பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் மேஜர் றொஜர்ஸ் என்பவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு; 1845 இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். யானைகளுக்குச் செய்த தீமையை மறந்து அவரை நினைவிற் கொள்ள ஒரு காரணம் உண்டு. ஊவாவிலே ஒழுங்கான பாதைகள் பலவற்றை வகுத்தவர் அவரே. அவருக்குப் பின் கோப்பித் தோட்டக்காரரும், கோப்பி அழிந்த பின் தேயிலைத் தோட்டக்காரரும் மலைகளின் இடுப்பைச் சுற்றிப் பாதை வெட்டினார்கள்.

அப்பாதைகள் வெட்டப்பட்டபோது மோட்டார் வண்டி இல்லை. மூட்டைகளை இழுத்தவை மாடுகள். நிறைந்த பாரத்தோடு செங்குத்தான மேட்டை மாடு ஏறாது. ஆகவே, கருவி வைத்து ஏற்றத்தை அளந்து, மலையின் வளைவுக்கெல்லாம் வளைந்து, ஆன மட்டும் மட்டமாகவே பாதையைக் கொண்டுசென்றார்கள். இவற்றைத் தோட்டத்து மக்கள் கரத்தைப் பாதை என்பார்கள். மாட்டுக்காக வகுத்த அவ்விதி மனிதனுடைய முழங்காலுக்கும் மிகப் பொருத்தமானதாக அமைந்தது தற்செயலான ஒரு நன்மை.

புகையிரதப் பாதையும் அவ்வாறே. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏறவேண்டுமாதலால், மலைநாட்டுப் பாதையின் ஏற்றம் நாற்பத்து நான்கடிக்கு ஓரடி என்னும் அளவை மீறாதவாறு அமைக்கப்பட்டது. அந்த அளவைக் காப்பதற்காகவே தெமோதரையில் பாதை ஒரு வளையமாகச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்து செல்கிறது. 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. அன்று முதல் ஊவாவிலே மிக மட்டமான நெடும்பாதை புகையிரதப் பாதையே. மக்கள் அதிலே நடப்பதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்வதும் யாவரும் அறிந்தது. ஆயினும் அது ஓடுவதற்குரிய இடம் அன்று. குறுக்குக் கட்டைகளின் இடைவெளி எவருடைய எட்டுக்கும் ஒத்துவருவதில்லை. சுரங்கத்துக்குள்ளும் பாலத்தின் மீதும் ஒதுங்க இடமில்லை. மூடுபனியிலும் வளைவுகளிலும் வண்டி வருவது தாமதமாகவே தெரியும்.

எஞ்சியிருப்பது மோட்டார் வீதி. மலைநாட்டு மோட்டார் வீதியின் அமைப்பை ஒரே வரியிற் சொல்லிவிடலாம்: ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம். மழைநீர் வடிவதற்காக உட்பக்கத்திலே கான் வெட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கத்திலே மண் சரிந்து செல்கிறது. நடைபாதை என்பது பெரும்பாலான இடங்களில் கிடையாது. நேர் எதிராக இரண்டு பஸ் வண்டிகள் வந்தால் ஒன்று நின்று மற்றதற்கு வழிவிடவேண்டும். அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே ஓடிவருபவன் கானுக்குள் குதிப்பதன்றி வேறு வழியில்லை. பசறையிலிருந்து லுணுகலை செல்லும் வீதியிலே, பதின்மூன்றாம் மைற்கல் அருகே, 2021 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆம் தேதி ஒரு பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததை ஊவா மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். மேலிருந்து உருண்டு வந்த ஒரு பாறை அங்கே வீதியின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பாறை விழுந்தால் ஒரு பஸ்ஸுக்கே இடம் போதாத வீதியிலே, ஓடுபவனுக்கென்று எந்த இடத்தை ஒதுக்குவது?

பதுளை நகரத்துக்குள்ளே வந்தால் நிலைமை வேறு வகையானது. கொழும்போடு ஒப்பிட்டால் பதுளை சிறிய நகரம். ஆனால் நெரிசல் என்பது நகரத்தின் பரப்பைப் பொறுத்ததன்று, பாதைகள் வந்து கூடும் விதத்தைப் பொறுத்தது. பதுளு ஓயாவின் ஓரத்திலே ஒரு கிண்ணத்தின் அடிபோல அமைந்த இடத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டங்களும், ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கமும், மகியங்கனைப் பக்கமும் வந்து இறங்குகின்றன. மாகாணத்தின் தலைநகரமும் இதுவே. வைத்தியசாலை, நீதிமன்றம், கச்சேரி, சந்தை, பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் வருபவர் ஒரே சில வீதிகளில் நடமாடவேண்டும். காலை ஏழு மணிக்குமேல் பஸ் நிலையத்தை அண்டிய வீதிகளிலே நடப்பவனே விலகி விலகிச் செல்கிறான். ஓடுபவனைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நகரத்திலே வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு இருக்கிறது. அருகில் குடியிருப்பவருக்கு அது பெரும் பேறு. பத்து மைல் தொலைவிலுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே ஒருமுறை போய்வருவதென்றால் பஸ் கட்டணமும் அரை நாளும் செலவாகும்.

கிண்ணம் போன்ற இவ்வமைப்பு காற்றையும் கெடுக்கிறது. இரவிலே குளிர்ந்த காற்று கனமாகி மலைச்சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கிலே தேங்குகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல நிற்கிறது. அதிகாலையில் அடுப்புகளிலிருந்து எழும் விறகுப் புகையும், முதற் பஸ் வண்டிகள் கக்கும் டீசல் புகையும், வெயில் ஏறி அம்மூடி கலையும் வரை கீழேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அசைவின்றி இருக்கும் மனிதன் ஒரு நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் காற்றை உள்ளிழுக்கிறான். கடுமையாக ஓடும்போது அது எண்பது, நூறு லீற்றர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. அதுவும் மூக்கின் வழியே வடிகட்டப்படாமல் வாய்வழியே நேராக நெஞ்சுக்குள் செல்கிறது. ஏற்றத்தில் முனகிக்கொண்டு செல்லும் ஒரு பழைய லொறியின் பின்னால் ஓடுபவன், ஓடாமல் வீட்டிலிருப்பவனைக் காட்டிலும் தன் நுரையீரலுக்கு நன்மை செய்கிறானா என்பது ஐயத்துக்குரியது. ‘காலைக் காற்று தூய காற்று’ என்று பாடப்புத்தகங்கள் சொல்வது பள்ளத்தாக்கு நகரங்களுக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

இவ்வளவும் வீதியைப் பற்றியது. வீதியை விட்டு மைதானத்துக்குச் செல்லலாமே என்று கேட்பவர் மலைநாட்டிலே சமதரையின் விலையை அறியாதவர். முறையான ஓட்டத் தடம் ஒன்றின் சுற்று 400 மீற்றர். எட்டுப் பேர் பக்கம் பக்கமாக ஓடக்கூடிய அத்தகைய தடம் ஒன்றை அமைக்க ஏறக்குறைய 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் கொண்ட மட்டமான நிலம் வேண்டும். அது நான்கு ஏக்கர். ஐந்தடிக்கு ஓரடி உயரும் சாதாரண தேயிலை மலை ஒன்றிலே அத்தனை அகலத்தைக் குடைந்து மட்டமாக்கினால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே பதினெட்டு மீற்றருக்குமேல் உயர வேறுபாடு வரும். அதாவது, பாதியை வெட்டிப் பாதியை நிரப்பினாலும் ஒரு புறம் மூன்று மாடி உயரத்துக்கு வெட்டிய சுவரும், மறுபுறம் மூன்று மாடி உயரத்துக்குக் கொட்டிய மண்ணும் நிற்கும். மழைக்காலத்தில் அந்த மண்ணின் நிலை என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் தேதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடிய நாளிலிருந்து, ஊவாவிலே மலையை வெட்டுவது பற்றிப் பேசும் எவரும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

நான்கு ஏக்கர் என்பது தேயிலைக் கணக்கிலே வேறொரு தொகை. இக்கால முறைப்படி பயிரிட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ ஐயாயிரம் செடிகள் நிற்கும். ஓர் ஓட்டத் தடம் என்றால் இருபதாயிரம் செடி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின் அதற்கு இசையும் நிர்வாகம் அரிது.

ஓட்டத் தடத்துக்கு அத்தனை முக்கியத்துவம் தரவேண்டுமா என்று கேட்கலாம். 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டியிலே பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் இலங்கையின் கருணானந்த ஓடினார். அது இருபத்தைந்து சுற்று ஓட்டம். மற்ற எல்லோரும் முடித்துச் சென்ற பின்னரும், 67 என்னும் இலக்கத்தை மார்பிலே தாங்கிய அவர் தனியொருவராக எஞ்சிய சுற்றுகளை ஓடி முடித்தார். முதலிலே நகைத்த கூட்டம் இறுதியில் எழுந்து கரகோஷம் செய்தது. ஜப்பானியர் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த மன உறுதி எவருக்கும் வரலாம், தடம் வேண்டியதில்லை. ஆனால் இருபத்தைந்து சுற்றுகளை இன்ன வேகத்தில், இன்ன கணக்கில் ஓடவேண்டும் என்னும் அறிவு, சுற்றை அளந்து ஓடிப் பழகியவனுக்கே வரும். மலைச்சரிவிலே மட்டும் ஓடிப் பழகியவன் முதன்முறையாகத் தடத்தைக் காண்பது மாகாணப் போட்டியன்றுதான் என்றால், வளைவிலே எங்கே முந்துவது என்பதுகூட அவனுக்குப் புதிதாகவே இருக்கும்.

தோட்டங்களில் சமதரையே இல்லை என்பதற்கில்லை. தொழிற்சாலை இருக்குமிடம் மட்டமானது. ஆனால் அங்கே லொறிகள் நிற்கும். காலையில் ஆட்களைப் பிரிக்கும் பெரட்டுக் களம் மட்டமானது, அது சிறியது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல் பல தோட்டங்களில் உண்டு. பிள்ளைகள் அங்கே பந்தடிப்பார்கள், பெரியவர்கள் கூட்டம் போடுவார்கள், திருவிழாக் காலத்தில் பந்தல் எழும்பும். சில தோட்டங்களில் நல்ல மைதானமே இருக்கிறது. இவையெல்லாம் தோட்டத்தைச் சேர்ந்தவை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிர்வாகம் எவரிடம் இருந்தாலும், மைதானத்தில் ஓடுவதற்கு அனுமதி பெறவேண்டிய நிலை மாறவில்லை. நல்ல மனமுடைய துரை இருக்குமிடத்தில் மைதானம் திறந்திருக்கும். அவர் மாற்றலாகிச் சென்றதும் அதே மைதானத்தில் வேலி எழுவதும் உண்டு.

இடத்தைப் போலவே நேரமும் தட்டுப்பாடானது. இலங்கை பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. மாலை ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. ஐரோப்பிய நாடுகளில் கோடையிலே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். வேலை முடித்தவன் ஆறுதலாக ஓடலாம். இங்கே ஆறு மணிக்கு வெளிச்சம் வருகிறது, ஏழு மணியை ஒட்டிப் பெரட்டு, ஏழரைக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் மூன்று மைல் தொலைவில் இருந்தால், வெளிச்சம் வருமுன்பே பிள்ளை புறப்பட்டாக வேண்டும். பிற்பகலில் வீடு திரும்பினால் தண்ணீர் எடுக்கவும், தம்பி தங்கையைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து அழைத்துவரவும் ஆள் வேண்டும். மாலைக் கொழுந்து நிறுத்துத் தாய் வீடு சேர்ந்த பின்னரே அப்பிள்ளைக்கு விடுதலை. அதற்குள் மேற்கு மலை வெயிலை மறைத்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நேரம் இன்னும் சுருங்கியது. இருளில் தனியே ஓடு என்று எந்தப் பெற்றோரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. வெளிச்சத்தில் ஓடினாலோ, லயத்துத் தொங்கல் முழுவதும் வாசலில் நின்று பார்க்கும். உடை பற்றிய பேச்சு வரும். பள்ளி விளையாட்டுப் போட்டியிலே முதலாவதாக வந்து, வெற்றிக் கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்ட பெண், பெரியவளான மறு ஆண்டே பயிற்சியை நிறுத்திவிடுவது அரிய நிகழ்ச்சியன்று. அவளுடைய கால்களில் எந்தக் குறையும் இல்லை. ஓர் ஆசிரியை கூட வந்து நிற்பதாயிருந்தால், அல்லது நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஓடுவதாயிருந்தால், அவள் நிறுத்தியிருக்கமாட்டாள். இதற்குப் பணச்செலவு ஒன்றுமில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடவேண்டும். தோட்டத்து இளைஞர் பலர் பதினெட்டு வயதிலே கொழும்புக்குச் சென்று கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். கொழும்பு புகையும் நெரிசலும் நிறைந்த நகரம். வீதியில் ஓடுவது அங்கேயும் ஆபத்தே. ஆனால் கடலோரமாகக் காலிமுகத்திடல் இருக்கிறது. 1859 இல் ஆளுநர் வார்ட் அதன் உலாவும் பாதையை அமைத்தபோது சீமாட்டிகளும் பிள்ளைகளும் காற்று வாங்குவதற்கென்றே அமைத்தார். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிலும் நடக்கவும் ஓடவும் பாதைகள் உண்டு. மட்டமான தரை, இரவிலும் மின்விளக்கு, எவரும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை. மலையிலே வளர்ந்த இளைஞன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஐந்து கிலோமீற்றரை நிற்காமல் ஓடுவது இந்த நெரிசல் நகரத்திலேதான் என்றால், வியப்படைய ஒன்றுமில்லை. கடை வேலை இரவு பத்து மணிக்கு முடிகிறது என்பது மட்டுமே அவனுக்குத் தடை.

பருவகாலமும் மலைநாட்டுக்கெதிராகவே அமைந்துவிட்டது. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் முதலாம் தவணையில் நடக்கின்றன. கொழும்பிலே சனவரி, பெப்ரவரி மாதங்கள் வறண்டவை. மைதானம் கட்டாந்தரையாக இருக்கும். ஊவாவுக்கு மழை தருவதோ வடகீழ்ப் பருவக்காற்று. அக்டோபர் முதல் சனவரி வரை பதுளைப் பகுதி நனைகிறது. கொழும்புப் பிள்ளை பயிற்சி செய்யும் வாரங்களில் பசறைப் பிள்ளை சேற்றிலே வழுக்கிக்கொண்டிருக்கிறான். பின்னர் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று மலை தாண்டி வீசுகிறது. அக்காற்றினாலேயே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு. ஓடுவதற்கும் அப்போதுதான் தரை காய்ந்திருக்கிறது. ஆனால் அக்காலத்தில் வியர்வை தோன்றுமுன்பே உலர்ந்துவிடுவதால் உடல் இழக்கும் நீர் தெரிவதில்லை. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் அருந்தவேண்டும்.

தண்ணீரைச் சொன்னதும் உணவைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2016 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் தேசிய அளவில் நூற்றுக்குப் பதினேழு பேர் எனவும், தோட்டப்புறத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பத்திரண்டு பேர் எனவும் காணப்பட்டது. மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை. அப்பிள்ளைகளே பின்னர் பள்ளி மைதானத்தில் வந்து நிற்பவர்கள். கோதுமை மா ரொட்டியும் சாயத் தேநீரும் வயிற்றை நிறைக்கும். தசையை வளர்க்கப் பருப்பும் முட்டையும் கீரையும் மீனும் வேண்டும். இதிலே தேயிலை நாட்டுக்கே உரிய ஒரு வினோதமும் உண்டு. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலும் குறையும். ஆகையால், ஓடப் பழகும் பிள்ளை தேநீரை விடவேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும்.

நாய், அட்டை, குளவி என்னும் மூன்றும் தோட்டத்தில் ஓடுபவனுடைய சில்லறைப் பகைவர்கள். அட்டையால் பெருந்தீங்கில்லை. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தை அதன் பக்கம் திருப்பி, மெல்லப் பின்வாங்குவதே முறை. ஓடுவதைக் கண்டே அது துரத்துகிறது. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கைமருந்து கட்டிக் காலம் கடத்தலாகாது. குளவி மூன்றிலும் கொடியது. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காவது ஆண்டுதோறும் கேள்விப்படும் செய்தி. எந்த மலையில் கூடு இருக்கிறது என்பது கொழுந்தெடுப்பவர்களுக்குத் தெரியும். அன்று காலையில் அவர்களைக் கேட்டுக்கொண்டு ஓடுவது எந்தப் புத்தகமும் தராத பாதுகாப்பு.

இத்தனை தடைகளையும் எண்ணிய பின், பழைய கரத்தைப் பாதைகளுக்கே மறுபடியும் வரவேண்டியிருக்கிறது. மோட்டார் வீதிகள் வந்த பின் பல கரத்தைப் பாதைகள் கொழுந்து வண்டியும் மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிளும் மட்டுமே செல்லும் பாதைகளாகிவிட்டன. தார் இல்லாத மண் தரை முழங்காலுக்கு இதமானது. மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்வதால் ஏற்றம் குறைவு. பஸ் புகை இல்லை. ஆசிரியர் ஒருவர் கயிறு கொண்டு அளந்து, நூறு மீற்றருக்கு ஒரு கல்லைச் சுண்ணாம்பு பூசி நட்டுவிட்டால், வளையாத ஓர் ஓட்டத் தடம் கிடைத்துவிடும். நான்கு கற்கள் சென்று திரும்பினால் எண்ணூறு மீற்றர். போகும் நேரமும் வரும் நேரமும் ஏற்ற இறக்கத்தால் வேறுபடும். இரண்டையும் கூட்டி எழுதி வைத்தால் வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் தெரியும். கைக்கடிகாரம் ஒன்றே இதற்கு வேண்டிய கருவி.

இறக்கத்திலே எட்டைக் குறுக்கி, குதிகாலால் தரையை உதைத்துத் தடுக்காமல், பாதத்தின் நடுப்பகுதி தரையில் படுமாறு ஓடப் பழக்கவேண்டும். முதல் இரண்டு வாரம் இறக்கத்தை நடந்தே கடப்பது நன்று. மோட்டார் வீதியைக் கடந்து செல்லவேண்டிய இடங்களில், வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தவாறு செல்லவேண்டும். கண்ணுக்கு எட்டாத வளைவில் ஓட்டத்தை நடையாக்கிக் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். பஸ் சாரதிகள் வளைவுதோறும் ஹோர்ன் அடிப்பது அதற்காகவே. காதிலே பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு மலை வீதியில் ஓடுபவன் அந்த எச்சரிக்கையை இழந்துவிடுகிறான். கடும் மழை பெய்த மறுநாள் வெட்டுமண் ஓரமாகச் செல்லும் பாதையை விட்டுவிடவேண்டும். புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, கலங்கிய ஊற்றோ தெரிந்தால் ஓட்டத்தை மறந்து லயத்தாருக்கும் கிராம சேவகருக்கும் சொல்லவேண்டும்.

பாதையும் தோட்டத்துக்குரியதே. ஆகவே பள்ளி அதிபர் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இன்ன பாதை, இன்ன நாட்கள், இன்ன நேரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. தேயிலைச் செடி ஒன்றையும் பிடுங்கவேண்டியதில்லை என்பதால், மைதானம் கேட்கும்போது எழும் மறுப்பு இதற்கு எழுவது குறைவு. கொழுந்து வண்டி போய்வரும் நேரத்தைத் தொழிற்சாலையில் விசாரித்து அந்த நேரத்தை விலக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான தோட்டங்களில் மாலை நாலரைக்குமேல் பாதை வெறிச்சோடியிருக்கும். ஐந்தரைக்குள் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டு திரும்பிவிடவேண்டும். மலை மறைவிலே இருள், கடிகாரத்தை முந்திக்கொண்டு வரும்.